அரிசோனா ஐ-40 சாலையோர ‘மியூசியம்’: ஆர்வியில் போகிறவர்கள் கவனத்துக்கு

கோடை விடுமுறைக்கு ஆர்வி (உள்ளேயே தங்கிச் சமைக்கும் வசதியுள்ள பெரிய வண்டி) வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிராண்ட் கேன்யன் பக்கம் கிளம்பும் நம்மவர்கள் நிறையப் பேர். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஆல்புகர்க்கியிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் வரை ஐ-40 நெடுஞ்சாலையில் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

அந்தச் சாலை பெரும்பாலும் ரூட் 66 என்ற பழைய நெடுஞ்சாலையின் தடத்தை ஒட்டியே போகிறது. நாங்கள் அப்பா அம்மாவோடு போனபோது, அந்த மியூசியத்துக்குப் பல மைல்களுக்கு முன்பிருந்தே மஞ்சள் பலகைகள் வரத் தொடங்கின: ‘பூர்வகுடி வரலாற்று மியூசியம்’, ‘ஜெரோனிமோவின் துப்பாக்கி’, ‘ஆர்வி பார்க்கிங் இலவசம்’. அப்பா அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கிளம்புவதற்கு முன்பே அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான நவஹோ மக்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வைத்திருந்தார். “இங்க கண்டிப்பா நிறுத்துப்பா” என்றார்.

முதல் தொல்லை வாசலிலேயே. சரளைக்கல் போட்ட ஒரு குறுகலான பாதை. முப்பதடி வண்டியை உள்ளே விட்ட பிறகுதான் தெரிந்தது, திருப்ப இடமில்லை, பின்னாலேயே இன்னொரு ஆர்வி வந்து நின்றுவிட்டது. அங்கிருந்த ஆள் வந்து, வண்டியில் இருக்கும் எல்லாருக்கும் டிக்கெட் எடுத்தால்தான் பார்க்கிங் இலவசம் என்றார். தலைக்கு 14 டாலர். பலகையில் இந்த நிபந்தனை எங்கேயும் இல்லை. ஆர்வியில் போகிறவர்கள் இப்படிப்பட்ட இடங்களுக்குள் நுழையுமுன் சாட்டிலைட் மேப்பில் வெளியேறும் வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியை ரிவர்ஸ் எடுக்க முடியாது என்பதை வைத்தே அங்கே வசூல் நடக்கிறது.

உள்ளே இருந்தது ஒரு இருட்டு அறை. ‘நவஹோ தலைவர்’ என்று எழுதி, தலை நிறைய இறகுக் கிரீடம் வைத்த ஒரு துணிக்கடைப் பொம்மை. பக்கத்தில் கூம்புக் கூடாரம். அப்பா அங்கேயே நின்றுவிட்டார். “இறகுக் கிரீடமும் இந்தக் கூடாரமும் சமவெளியில காட்டெருமை வேட்டையாடின லகோட்டா மாதிரி மக்களோடது. நவஹோக்காரங்க வீடு ஹோகன். மரமும் மண்ணும் வெச்சுக் கட்டுவாங்க, வாசல் கிழக்குப் பார்த்து இருக்கும். இதுகூடத் தெரியாமலா மியூசியம் வெச்சிருக்காங்க?” என்று கேட்டார். பலகையில் பெயர் போட்டிருந்த ஜெரோனிமோவும் நவஹோ அல்ல, அப்பாச்சி என்ற வேறொரு பூர்வகுடி இனத்துப் போர்வீரர். துப்பாக்கி எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்று ஒரு வரிகூட அங்கே இல்லை. இரண்டாம் உலகப்போரில் நவஹோ மொழியில் ரகசியச் செய்தி அனுப்பிய வீரர்களுக்கு, லேமினேட் செய்த ஒற்றைத் தாள். 1864-இல் அமெரிக்க ராணுவம் ஆயிரக்கணக்கான நவஹோ மக்களை அவர்கள் மண்ணிலிருந்து பிடுங்கி, நூற்றுக்கணக்கான மைல் நடத்தியே நியூ மெக்ஸிகோவின் பாஸ்கே ரெடோண்டோ என்ற இடத்துக்குக் கொண்டுபோனது. வழியிலும் அங்கேயும் எத்தனையோ பேர் செத்தார்கள். 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் மிச்சமிருந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். அந்த மக்களின் பெயரில் டிக்கெட் விற்கும் இடத்தில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்குப் பணம் போனதைவிட இதுதான் ஆத்திரம்.

அறையிலிருந்து வெளியேற ஒரே வழி, நகைக்கடை வழியாக. அங்கே அம்மா, தங்கை மகளுக்கென்று டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல் பதித்த ஒரு காப்பு எடுத்தார். 180 டாலர். நவஹோ கைவினைஞர் செய்தது, அசல் வெள்ளி, அசல் கல் என்று சொல்லி, அச்சடித்த சான்றிதழும் கொடுத்தார்கள். அதில் செய்தவர் பெயர் இல்லை.

மறுநாள் கனாடோவில் இருக்கும் ஹபெல் டிரேடிங் போஸ்ட்டுக்குப் போனோம். 1878-இல் தொடங்கிய வணிகக்கூடம், இப்போது தேசியப் பூங்காத் துறையிடம் இருக்கிறது, இன்றும் கடை நடக்கிறது. அங்கிருந்த நவஹோ பெண்மணி ஒருவர் காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்லின் விரிசல்களில் நீலம் தேங்கி நிற்பதைக் காட்டி, பரிசோதித்துப் பாருங்கள் என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். டல்லாஸ் திரும்பியதும் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தோம். கல், சாயமேற்றிய ஹௌலைட் என்ற மலிவான வெள்ளைக் கல். உலோகம் நிக்கல் கலவை, வெள்ளியே கிடையாது.

இந்த ஏமாற்று அரிசோனா, நியூ மெக்ஸிகோ பக்கம் புதிதல்ல. ஃபிலிப்பைன்ஸில் செய்து கொண்டுவந்து பூர்வகுடி நகை என்று விற்றவர்கள் மீது மத்திய அரசு வழக்குப் போட்டிருக்கிறது. 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பூர்வகுடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பது குற்றம். முதல் தடவையே தனிநபருக்கு 2,50,000 டாலர் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. ஆகவே வாங்குமுன் செய்தவர் பெயரையும் இனத்தையும் கேளுங்கள். அதையும் கல் இயற்கையானதா, உலோகம் ஸ்டெர்லிங் வெள்ளியா என்பதையும் ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரர் தயங்க மாட்டார். எங்கள் ரசீதில் ‘காப்பு’ என்பதற்கு மேல் எதுவும் இல்லை. ‘ஜெர்மன் சில்வர்’, ‘நிக்கல் சில்வர்’ என்று சொன்னால் அதில் வெள்ளி இல்லை என்று அர்த்தம்.

செய்தவர் கையிலிருந்தே வாங்க நினைத்தால், சாண்டா ஃபேயில் கவர்னர்ஸ் பேலஸ் தாழ்வாரத்தில் கைவினைஞர்களே உட்கார்ந்து விற்கிறார்கள். ஹபெலுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஐ-40-இல் சேம்பர்ஸ் என்ற இடத்தில் வடக்கே திரும்பினால் சுமார் 40 மைல். ஹபெல் நவஹோ நிலப்பகுதிக்குள் இருக்கிறது; கோடையில் அங்கே கடிகாரம் மற்ற அரிசோனாவைவிட ஒரு மணிநேரம் முன்னே ஓடும், மூடும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரிசோதனைக் கூடம் எழுத்தில் கொடுத்த அறிக்கையை அனுப்பியதால் கிரெடிட் கார்டு வங்கி 180 டாலரைத் திருப்பித் தந்தது. டிக்கெட் காசு வரவில்லை. பூர்வகுடிக் கைவினைப் பொருட்களைக் கவனிக்கும், அமெரிக்க உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கும் இந்தியன் ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் போர்டுக்குப் படங்கள், ரசீது, சான்றிதழ், அறிக்கை எல்லாம் சேர்த்து ஆன்லைனில் புகார் கொடுத்திருக்கிறேன். இதேபோல் வாங்கி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால், காப்பையும் ரசீதையும் தூக்கிப் போடாமல் நீங்களும் ஒரு புகார் கொடுங்கள்.