ராணி ஜொவான்னா காசு என்று சொல்லி 190 யூரோவைப் பறித்துவிட்டார்கள்

ஆத்திரம் அடங்கவில்லை, அப்படியே எழுதுகிறேன். ரோமில் ஒரு பழம்பொருள் கடையில் சனிக்கிழமை 190 யூரோ கொடுத்து வாங்கிய வெள்ளிக்காசு போலி.

நேப்பிள்ஸை 1414 முதல் 1435 வரை ஆண்ட இரண்டாம் ஜொவான்னா, லாக்விலா நகரில் அச்சடித்த பொலொஞ்ஞீனோ என்ற சிறு வெள்ளிக்காசு என்று சொல்லித்தான் விற்றார்கள். கூலிப்படைத் தலைவன் பிராச்சோவின் படை 1424 வரை முற்றுகையிட்டும் ராணி பக்கமே நின்ற ஊர் லாக்விலா. காசின் ஒரு புறம் ராணியின் பெயர், மறுபுறம் ஐந்தாம் செலஸ்டின். 1294இல் போப்பாகி, அதே வருடமே தானாகப் பதவியை உதறிய துறவி. அதே ஊரின் கொல்லெமாஜ்ஜோ தேவாலயத்தில் அவர் கல்லறையைப் பார்த்து வந்ததிலிருந்தே இந்தக் காசின் மேல் எனக்கு ஆசை.

கடைக்காரர் வயதானவர். "அப்பா சேர்த்து வைத்தது" என்று வெல்வெட் துணியை விரித்தார். பூதக்கண்ணாடியை என் கையிலேயே கொடுத்து, "நீயே பார் தம்பி" என்கிற மாதிரி தோளைத் தட்டினார். அங்கேதான் விழுந்தேன். ஏமாற்றுகிறவன் கண்ணாடியைக் கொடுப்பானா? "இது ராணியின் முகம், தலையில் கிரீடம்" என்றார். அது செலஸ்டினின் முகம், தலையில் இருப்பது ஆயர் அணியும் கூம்புத் தொப்பி. எனக்கு அது தெரியும். தெரிந்தும், பெரியவர்தானே, மறந்திருப்பார் என்று 190 யூரோவை எண்ணி வைத்தேன்.

வீட்டில் நகைத் தராசில் வைத்தால் 1.3 கிராம். அசல் ஒரு கிராம்கூட வராது. விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு. சுத்தியலால் அடித்த காசில் அது எப்படி வரும்? உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை போனேன். "உன் தராசு சரியில்லை" என்றார். அப்புறம், "நீ வேறு காசை மாற்றிக் கொண்டுவந்திருப்பாய்." பேசிக்கொண்டிருக்கும்போதே தட்டில் இன்னும் இரண்டு பொலொஞ்ஞீனோ தெரிந்தன. மூன்றிலும் ஒரே இடத்தில் ஒரே விரிசல்! காட்டினேன். தட்டை உள்ளே தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். ரசீதை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன்: 'அலங்காரப் பொருள், 190 யூரோ'. நேற்று போன் செய்தால் பாதியிலேயே வைத்துவிட்டார்கள்.

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. எடை போடாமல் வாங்காதீர்கள். விளிம்பைப் பாருங்கள். ரசீதில் ராணியின் பெயரும் 'அசல்' என்ற சொல்லும் இல்லாவிட்டால் பணத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். அந்த இரண்டு காசும் இன்னும் அந்தத் தட்டில்தான் இருக்கின்றன.