அப்பா வேலை மாறினால், எந்த வழி குறைவாகக் கையைக் கடிக்கும்?

நாற்பதைத் தாண்டிய ஒருவர் வேலையை மாற்றப் போகிறேன் என்றதும் வரும் முதல் கேள்வி, "இந்த வயசுலயா?" அப்பாக்களைப் பொறுத்தவரை பார்க்க வேண்டியது அவர் வயதை அல்ல, பிள்ளையின் வயதை. ஒருவருக்கு 45 வயது, மகளுக்கு ஐந்து. இன்னொருவருக்கும் 45தான், ஆனால் மகன் அடுத்த வருடம் கல்லூரிக்குப் போகிறான். இருவருக்கும் ஒரே வழி சரிப்பட்டு வராது.

முதலில், அலுத்தது எது என்று தெரிய வேண்டும். பிளாஞ்ச்ஃபிளவர், ஆஸ்வால்ட் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் பல நாட்டுத் தரவுகளை வைத்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கைத் திருப்தி நடுவயதில் பள்ளத்தில் இறங்கி, பிறகு மீண்டும் ஏறுவதாகக் கண்டார்கள். எல்லோரும் அதை ஏற்கவில்லை. ஆனாலும், சோர்வுக்கெல்லாம் வேலைதான் காரணம் என்று முடிவு கட்டுமுன் யோசிக்க வைக்கும் விஷயம் அது. நீண்ட விடுப்பு முடிந்து திரும்பும் காலையில் வயிற்றைப் பிசைவது மேலாளரின் முகமா, செய்யப் போகும் வேலையா? மேலாளர் என்றால் தொழிலை மாற்ற வேண்டியதில்லை, நாற்காலியை மாற்றினால் போதும்.

அதுதான் முதல் வழி: அதே துறை, வேறு இடம். விற்பனையில் இருந்தவர் பயிற்சி கொடுக்கப் போவது, கட்டுமானத் தளத்தில் நின்றவர் மதிப்பீட்டுப் பக்கம் வருவது. கதையாகச் சொல்ல இதில் ஒன்றுமில்லை, அதனாலேயே யாரும் இதை மதிப்பதில்லை. இருபது வருட அனுபவமும் அறிமுகங்களும் கூடவே வரும், சம்பளமும் பெரும்பாலும் அதிகம் அடிபடாது. கல்லூரி வாசலில் பிள்ளை நிற்கும் வீட்டுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது, வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போவது. செவிலியர், ஆசிரியர், வழக்கறிஞர் போல உரிமம் கேட்கும் தொழில்களுக்குக் குறுக்குவழி கிடையாது, படித்தே ஆக வேண்டும். கணக்கை மட்டும் நேர்மையாகப் போடுங்கள். 45இல் தொடங்கி இரண்டு வருடம் படிப்பு, பழைய சம்பளத்தைத் தொட இன்னும் மூன்று நான்கு வருடம் என்று வைத்தாலே 50 ஆகிவிடும். அறுபதில் ஓய்வு என்றால் மிச்சம் பத்து வருடம்தான். கட்டணத்தை எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த இரண்டு வருடம் வராமல் போகும் சம்பளத்தை யாரும் எழுதுவதில்லை, பெரிய தொகை அதுதான். வேலையோடு வந்த மருத்துவக் காப்பீடும் போய்விடலாம். மனைவியின் வருமானம் வீட்டைத் தாங்குமென்றால் துணிந்து போகலாம்.

மூன்றாவது, சொந்தத் தொழில். தொழில் தொடங்குவது இளைஞர்களின் விளையாட்டு என்ற பேச்சை நம்ப வேண்டாம். அமெரிக்காவில் அசூலேயும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வில், மிக வேகமாக வளர்ந்த புதிய நிறுவனங்களை நிறுவியவர்களின் சராசரி வயது 45. ஆனால் அதே ஆய்வு சொன்ன இன்னொன்றை விட்டுவிடுகிறோம்: தொழில் தொடங்கும் துறையிலேயே முன்பு வேலை பார்த்தவர்களுக்குத்தான் வெற்றி வாய்ப்பு நன்றாகக் கூடியது. ஆக, கணக்காளர் திடீரென்று பண்ணை வைப்பதற்கு இது சான்று ஆகாது.

நான்காவது, இருக்கும் வேலையை விடாமல் மாலையிலும் விடுமுறையிலும் புதியதைத் தொடங்குவது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். ராஃபி, ஃபெங் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வேலையில் இருந்தபடியே தொழிலைத் தொடங்கிப் பிறகு முழுநேரமாக மாறியவர்கள் தோற்று வெளியேறும் வாய்ப்பு, நேரடியாகக் குதித்தவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. தொழில் ஓடுமா என்று பார்த்துவிட்டுக் குதிக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் இதுதானே சிறந்தது? நானும் அப்படி நினைத்துத்தான் ஒரு வருடம் இரவு வகுப்பில் சேர்ந்தேன். செலவு குறைவு, சம்பளமும் தடையில்லாமல் வந்தது. ஒரு நாள் காதில் ஹெட்போனுடன் உட்கார்ந்திருந்தபோது மகள் ஒரு படம் வரைந்து எடுத்துவந்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் 'இரு' என்று கையைக் காட்டினேன். வகுப்பு முடிந்து பார்த்தபோது படம் மேசை மேல் இருந்தது, அவள் தூங்கியிருந்தாள். மேசை, விளக்கு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒருவர். அதுதான் படம்.

மற்ற வழிகளுக்குப் பணத்தால் விலை கொடுக்கிறோம், இந்த வழிக்கான விலை பிள்ளையின் மாலை நேரத்திலிருந்து போகிறது. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் அது கூடுதல் விலை. பதினைந்து வயதுப் பிள்ளை என்றால் அவனே கதவைச் சாத்திக்கொள்கிறான், கவலையில்லை. அதற்காக இந்த வழியை நான் ஒதுக்கவில்லை. இன்றும் என் தேர்வு இதுதான், ஆனால் முடியும் தேதி வைத்துக்கொண்டு. ஒன்றரை வருடம், வாரத்தில் மூன்று மாலை, மற்ற நாட்களில் கணினி திறக்காது. அந்த மூன்று நாள் எவை என்று நாட்காட்டியில் வட்டம் போடும் வேலையை மகளிடம் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையை அவள் தொடவே இல்லை.