தைராய்டு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா? கம்பெனியை மாற்றுவதா, நேரத்தை மாற்றுவதா, பவரை மாற்றுவதா

மதுரையில் கோரிப்பாளையத்திலோ சிம்மக்கல்லிலோ மருந்துக்கடையில் நின்று கேட்டால், வழக்கமான தைராய்டு மாத்திரை தீர்ந்துபோன நாளில் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "அது ஸ்டாக் இல்லைங்க, இது வேற கம்பெனி, மருந்து ஒண்ணுதான்." மருந்து ஒன்றுதான் என்பது உண்மை. அதை வாங்கிப் போய் நாலாம் நாள் "நெஞ்சு படபடங்குது, வயிறு உப்புது, உடம்பெல்லாம் அரிக்குது" என்று திரும்பி வருகிறவர்களும் பொய் சொல்வதில்லை. இந்த இரண்டு உண்மைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் கம்பெனியை மாற்றலாமா வேண்டாமா என்று சொல்ல முடியும்.

தைரோநார்ம், எல்ட்ராக்சின், தைராக்ஸ் எல்லாவற்றிலும் இருப்பது லீவோதைராக்சின் சோடியம், அதாவது தைராய்டு சுரப்பி தரும் தைராக்சின் ஹார்மோனின் மாத்திரை வடிவம். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் தைராக்சின் என்ற பொதுப்பெயரில் கேட்டால் தருவதும் அதுவேதான். 50 பவர் என்றால் 50 மைக்ரோகிராம். ஒரு கிராமை இருபதாயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு. கண்ணுக்கே தெரியாத இந்தத் துளியைக் கையில் எடுக்கிற அளவுக்குப் பெருக்கிக் கட்டுவதற்காகத்தான் லாக்டோஸ் (பால் சர்க்கரை), மக்காச்சோள மாவு, செல்லுலோஸ், மானிட்டால், மெக்னீசியம் ஸ்டியரேட் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். பவருக்குப் பவர் அடையாளம் தெரியச் சிலர் நிறமும் சேர்ப்பார்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறுவது இந்தக் கூட்டுச் சரக்கு. கூடவே இரண்டு விஷயம் மாறும்: மாத்திரை வயிற்றில் கரைகிற வேகம், உள்ளே இருக்கிற மருந்து எழுதிய அளவுக்கு எத்தனை நெருக்கமாக இருக்கிறது என்பது.

இரண்டாவதை ஒரு கணக்காகப் பாருங்கள். இந்த மருந்து எழுதிய அளவில் 95 முதல் 105 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007ல் விதியை இறுக்கியது. அதற்கு முன் 90 முதல் 110 வரை செல்லும். இறுக்கிய விதிப்படி பார்த்தாலும் ஒரு கம்பெனியின் 100 பவரில் 95 இருக்கலாம், இன்னொன்றில் 105 இருக்கலாம். 10 மைக்ரோகிராம் இடைவெளி. 88 பவரிலிருந்து 100 பவருக்கு ஏறுவதே 12 மைக்ரோகிராம்தான். பெரும்பாலானோருக்கு இந்த வித்தியாசம் உறைக்காது. பொதுப்பெயர் மாத்திரைகளுக்குள் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்களுக்கு டி.எஸ்.ஹெச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் இரத்த அளவு; மருந்து கூடினால் இது குறையும்) பெரிதாகப் புரளவில்லை என்று 2022ல் அமெரிக்காவில் வந்த ஒரு பெரிய ஆய்வும் காட்டியது. கர்ப்பிணிகள், தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை செய்தவர்கள், இதய நோயாளிகள் போன்றோர் 10 மைக்ரோகிராமையும் கணக்கில் வைக்க வேண்டியவர்கள்.

தொந்தரவு எப்போது தொடங்கியது?

கம்பெனியைக் குறை சொல்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கடைக்காரர்கள் இதைக் கேட்பதே இல்லை.

தைராக்சின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 நாள் ஆகும். புது டப்பாவில் மருந்து 10 சதவீதம் கூடவே இருந்தாலும், நாலு நாளில் இரத்தத்தில் ஏறுவது 3 சதவீதம் அளவுதான். முழுதாக ஏறி நிற்க ஐந்து, ஆறு வாரம் ஆகும். ஆகவே கம்பெனி மாற்றிய முதல் நாலைந்து நாளில் வருகிற தொந்தரவு ஹார்மோன் கூடியதாலோ குறைந்ததாலோ வர வழியில்லை. அது கூட்டுச் சரக்கு ஒத்துக்கொள்ளாததாக இருக்கலாம், அல்லது வேறு ஏதோ ஒன்றாக இருக்கலாம். மூன்றாவது வாரத்துக்கு மேல் மெல்ல மெல்லக் கூடி வருகிற தொந்தரவைத்தான் அளவு மாறியதாகச் சந்தேகிக்க வேண்டும்.

அளவு கூடியிருந்தால் படபடப்பு, விரல் நடுக்கம், தூக்கமின்மை, அடிக்கடி மலம் போவது, காரணமில்லாத எரிச்சல், எடை குறைவு வரும். வியர்வையை மதுரையில் அடையாளமாக எடுக்க முடியாது. சித்திரை, வைகாசியில் யாருக்குத்தான் வியர்க்காது? காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். வழக்கமாக 72 இருப்பவருக்கு ஒரு வாரமாக 90 ஓடினால் அது அடையாளம். அளவு குறைந்திருந்தால் அசதி, மலச்சிக்கல், முகம் ஊதுவது, குரல் கரகரப்பு, தோல் வறட்சி. முடி கொட்டுவது இரண்டு பக்கமும் வரும்; காரணம் நடந்து இரண்டு மூன்று மாதம் கழித்தே கொட்டும் என்பதால் போன வாரம் மாற்றிய மாத்திரைமேல் அந்தப் பழியைப் போட முடியாது.

கூட்டுச் சரக்கு என்றால் அரிப்பு, தடிப்பு, மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் வயிறு உப்புவது. நிறம்தான் காரணமா என்று பார்க்க லேபிளில் 'கலர்' என்ற சொல்லுக்குப் பின்னால் எழுதியிருப்பதைப் படியுங்கள். லாக்டோஸைப் பலர் குற்றம் சொல்கிறார்கள். ஒரு மாத்திரையின் மொத்த எடையே சில நூறு மில்லிகிராமைத் தாண்டாது; அரை டம்ளர் பாலில் ஐந்து கிராம் வரை லாக்டோஸ் இருக்கிறது. காலையில் பால் காபி குடித்து வயிறு நன்றாக இருக்கிறவருக்கு மாத்திரையில் இருக்கிற லாக்டோஸ் தொல்லை கொடுக்கும் என்று நம்புவது கடினம்.

இந்தப் புகார்கள் நம் ஊரில் மட்டும் எழுந்தவை அல்ல. நியூசிலாந்தில் 2007ல் எல்ட்ராக்சினின் கூட்டுச் சரக்கை மாற்றினார்கள். அதுவரை முப்பது ஆண்டில் 14 புகார்தான் பதிவாகியிருந்தது. மாற்றிய பின் ஒன்றரை ஆண்டில் 1400ஐத் தாண்டியது. பரிசோதித்தபோது மருந்தின் அளவில் குறையில்லை. பிரான்சில் 2017ல் லீவோதைராக்ஸ் மாத்திரையில் லாக்டோஸை எடுத்துவிட்டு மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தார்கள். ஆயிரக்கணக்கானோர் புகார் செய்ய, அதே ஆண்டு அக்டோபரில் பழைய கலவையைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. லாக்டோஸ் இல்லாததுதான் நல்லது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டாவது நிகழ்வைக் கவனிக்க வேண்டும். அங்கே மக்கள் கேட்டது லாக்டோஸ் உள்ள பழைய மாத்திரையை.

டப்பாவா, அட்டையா

நம் ஊருக்கு இது பெரிய கேள்வி. வெப்பம், வெளிச்சம், ஈரம் மூன்றும் தைராக்சினைக் கெடுக்கும். 100 மாத்திரைக்கு மேல் இருக்கிற டப்பாவை மூன்று நான்கு மாதம் தினமும் திறந்து மூடுகிறோம். இருபுறமும் அலுமினியம் ஒட்டிய அட்டையில் எடுக்கிற மாத்திரை மட்டுமே வெளியே வருகிறது. பங்குனியிலிருந்து ஆவணி வரை மதுரை வெயிலுக்கு அட்டையே மேல். டப்பாதான் கிடைக்கிறது என்றால் உள்ளே இருக்கிற ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைத் தூக்கி எறியக் கூடாது. அடுப்படி அலமாரி, டிவி மேல், பைக் பெட்டி, ஜன்னல் ஓரம் எதுவும் வேண்டாம். படுக்கையறையில் மரப்பீரோவின் கீழ்த்தட்டு போதும். ஃப்ரிட்ஜில் வைத்துத் தினமும் எடுத்தால் குளிர்ந்த டப்பாவுக்குள் ஈரம் கோக்கும். லேபிளில் சொல்லியிருந்தாலொழிய அதுவும் வேண்டாம்.

டப்பா தொடங்கியபோது நன்றாக இருந்து, கடைசி மாதத்தில் அசதியும் மலச்சிக்கலும் வந்து, புது டப்பா வாங்கியதும் மெல்லச் சரியாகிறது என்றால் கம்பெனியைவிட டப்பா வைத்த இடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை அதிகம் பேச வேண்டியதில்லை. இது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளதால் உச்ச விலையை அரசு நிர்ணயிக்கிறது. பெரிய கம்பெனிக்கும் பொதுப்பெயருக்கும் உள்ள வித்தியாசம் மற்ற மருந்துகளைப் போல மலைக்கும் மடுவுக்கும் இல்லை. பொதுப்பெயர் மாத்திரையில் கவனிக்க வேண்டியது வேறு: கொள்முதல் மாறினால் தயாரிப்பாளரும் மாறலாம். பெயர் அதேதான் என்று விட்டுவிடாமல் ஒவ்வொரு முறையும் 'தயாரிப்பு' என்று போட்டிருக்கிற வரியைப் பாருங்கள்.

மாற்ற வேண்டியது பெரும்பாலும் நேரம்

கம்பெனியை மாற்றுவது, நேரத்தை மாற்றுவது, பவரை மாற்றுவது என்ற மூன்றில் செலவும் ஆபத்தும் குறைந்தது நேரம். வெறும் வயிற்றில் 60 முதல் 80 சதவீதம் மருந்து உடம்பில் சேரும். கூடவே காபி குடித்தால் அது குறையும். ஒரு டம்ளர் தண்ணீரோடு போட்டு ஒரு மணி நேரம் பொறுப்பது நல்லது. அரை மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது. கேழ்வரகுக் கூழ், சத்துமாவுக் கஞ்சி, சோயா எல்லாம் அதற்குப் பிறகு. கால்சியம், இரும்புச்சத்து, அமிலம் தணிக்கும் திரவ மருந்து மூன்றுக்கும் நாலு மணி நேர இடைவெளி.

கேஸ் மாத்திரை என்று பான்டோபிரசோலையும் தைராய்டு மாத்திரையையும் ஒரே வாயில் போட்டு விழுங்குவது இங்கே வீட்டுக்கு வீடு நடக்கிறது. இதில் இடைவெளி விட்டும் முழுப் பயன் இல்லை. கேஸ் மாத்திரை நாள் முழுதும் அமிலத்தைக் குறைப்பதால் தைராக்சின் கரைவதே குறையும். கேஸ் மாத்திரை அவசியம் என்றால் அதை விட்டு விட்டுப் போடாமல் ஒரே சீராகப் போட்டு, அந்த நிலையில் டி.எஸ்.ஹெச். பார்த்துப் பவரை முடிவு செய்வதே வழி. இரண்டு மாதம் போட்டு ஒரு மாதம் நிறுத்துகிறவருக்கு எந்தக் கம்பெனியும் ஒத்துவராது.

காலையா, இரவா? மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடியுமுன் கிளம்புகிறவர்கள், பால் கறப்பவர்கள், எழுந்ததும் டீ இல்லாமல் முடியாதவர்கள் எல்லோருக்கும் இரவு நல்ல மாற்று. படுக்கும்போது போட்டால் மருந்து சேர்வதில் குறைவில்லை. கடைசிச் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் மூன்று மணி நேரம் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பத்து மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு பதினொன்றுக்குப் படுக்கிற வீட்டில் இது நடக்காது. படபடப்பும் தூக்கமின்மையும் ஏற்கெனவே உள்ளவர்கள் காலையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இடைப்பட்ட பவருக்கு மூன்று வழி

டாக்டர் 88 பவர் எழுதியிருக்கிறார், கடையில் இல்லை. தைரோநார்ம் வரிசையில் 62.5, 88, 112, 137 என்று இடைப்பட்டவை உண்டு; உசிலம்பட்டியிலோ மேலூரிலோ எல்லாக் கடையிலும் அவை கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. அதற்காகக் கம்பெனி மாறுவதைவிட, டாக்டரிடம் கேட்டு அதே கம்பெனியில் ஒரு நாள் 75, மறுநாள் 100 என்று போடலாம். சராசரி 87.5. மருந்து இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆவதால் நாளுக்கு நாள் உள்ள ஏற்ற இறக்கம் உடம்புக்குத் தெரியாது. 62.5க்கு இப்படியே 50ம் 75ம். காலண்டரில் ஒற்றைப்படைத் தேதிக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று என்று வைத்தால் மறக்காது. 31ம் தேதி வரும் மாதத்தில் 31க்கும் 1க்கும் ஒரே பவர் வரும். அதனால் கெடுதல் இல்லை. பாதியாக உடைப்பது கடைசி வழி. கோடு போட்ட மாத்திரையே சமமாக உடையாது, உடைத்த பாதி ஈரம் இழுக்கும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

அரிப்பு, தடிப்பு வந்தால், அல்லது நேரமும் இடமும் சரிசெய்த பிறகும் வயிற்றுத் தொந்தரவு நிற்கவில்லை என்றால் கம்பெனி மாற்றுவது நியாயம். டாக்டரிடம் சொல்லி, பவரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் பின்னால் வருவது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய டப்பாவின் லேபிளைப் படம் எடுத்து வையுங்கள். மாற்றிய தேதியைக் குறித்து, 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.ஹெச். பாருங்கள்; மூன்றாவது வாரத்தில் பார்த்துப் பயன் இல்லை. இரத்தம் கொடுத்த பிறகே அன்றைய மாத்திரை. முடிக்கும் நகத்துக்கும் பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். சில லேப் முறைகளில் பயோட்டின் டி.எஸ்.ஹெச்.சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். டோஸ் அதிகம் என்று தவறாகப் பவர் குறைக்கப்படும்.

கர்ப்பம் என்று தெரிந்த நாள் முதல் இந்தச் சோதனை முயற்சிகள் எதுவும் வேண்டாம். அப்போது தேவை கூடும். வாரத்துக்கு 7 மாத்திரை போட்டவரை 9 ஆக்கச் சொல்வது வழக்கமான முறை, ஆனாலும் அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும்தான் இங்கே சிக்கல். காலை ஐந்தரைக்குத் தைராய்டு, ஆறரைக்குக் காபி, மதியச் சாப்பாட்டோடு கால்சியம், இரவு இரும்புச்சத்து. கால்சியம் இரண்டு வேளை என்றால் இரண்டாவதை மாலை ஐந்து மணிக்கு வைத்துக்கொண்டால் மூன்றும் மோதாது.

நெஞ்சு வலி, மூச்சு வாங்குவது, நாடி தாறுமாறாக ஓடுவது, முகமோ உதடோ வீங்குவது, இவற்றில் ஒன்று வந்தாலும் மேலே சொன்ன ஒப்பீடு எதற்கும் காத்திருக்க வேண்டாம். பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவோ, பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே, டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே போங்கள்.