சிப்ரி தரவுத்தளம்: டாலர் குறி போடாமல் படிக்கவும்

மார்ச் வந்தால் எங்கள் செய்திப் பிரிவுக்கு 'ஆயுத இறக்குமதியில் இந்தியா' என்று ஒரு செய்தி வந்துவிடும். அதன் ஆதாரம் பெரும்பாலும் ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி என்ற அமைதி ஆய்வு நிறுவனத்தின் ஆயுதப் பரிமாற்றத் தரவுத்தளம்தான். வெளிநாட்டுச் செய்திகளைத் திருத்தும் எனக்கு இதைத் திறக்காமல் வேலை ஓடாது. 1950 முதல் யார் யாருக்குப் போர் விமானம், கப்பல், ஏவுகணை கொடுத்தார்கள் என்பதைக் காசு வாங்காமல் காட்டுகிறது.

இதில் எனக்குப் பிடித்தது ஒப்பந்தவாரிப் பதிவேடு. விற்பவர் பிரான்ஸ், வாங்குபவர் இந்தியா என்று தேர்ந்தெடுத்தால், 2016இல் ஆர்டர் செய்த 36 ரஃபேல் விமானங்கள் தனி வரியாக வரும். எந்தெந்த ஆண்டுகளில் வந்து சேர்ந்தன என்பதும் பக்கத்திலேயே இருக்கும். கடைசி நெடுவரிசையில் உள்ள குறிப்புகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். பழைய சரக்கா, வாங்கிய நாட்டிலேயே பாகங்களைப் பூட்டிச் செய்ததா என்ற சங்கதியெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

தொல்லை, 'டிஐவி' (பரிமாற்றத்தின் போக்கைக் காட்டும் மதிப்பு) என்ற அளவுகோலில். மில்லியன் கணக்கில் எண் வருவதால் நிருபர்கள் உடனே டாலர் ஆக்கிவிடுகிறார்கள். ஆண்டுதோறும் அந்தக் குறியை அடித்து நீக்குவதே என் பிழைப்பு. கைமாறிய பணத்தை டிஐவி சொல்வதில்லை. உற்பத்திச் செலவை வைத்து ஆயுதத்தின் ராணுவ மதிப்பைக் கணிக்கிறது. பிறர் பயன்படுத்திய ஆயுதத்துக்குப் புதியதன் மதிப்பில் 40 சதவீதம்தான். காலப்போக்கை ஒப்பிட இதுவே வசதி: இந்திய இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2010–14இல் 72 சதவீதம், 2020–24இல் 36 சதவீதம். வாங்கிய விலை வேண்டுமென்றால் வேறு இடம் பார்க்க வேண்டும்.

பெரிய குறை, துப்பாக்கிகள் இதில் இல்லை. உள்நாட்டுப் போர்களில் ஆட்களைச் சாய்ப்பது பெரும்பாலும் அவைதான். அரை நட்சத்திரத்தை அதற்கே குறைக்கிறேன்.

1991இல் உருவான ஐ.நா. ஆயுதப் பதிவேட்டில் அவற்றையும் சேர்க்க இடம் உண்டு. ஆனால் அரசுகள் விரும்பினால் எழுதும், இல்லையென்றால் வாய் திறக்காது. ஆயுத வர்த்தக ஒப்பந்தம் ஆண்டறிக்கையைக் கட்டாயமாக்கியும், தேசப் பாதுகாப்பைக் காட்டி விவரத்தை மறைக்க அதிலேயே வழி விட்டிருக்கிறது. 2013 ஐ.நா. வாக்கெடுப்பில் இந்தியா ஆதரிக்காமலும் எதிர்க்காமலும் ஒதுங்கிய ஒப்பந்தம் அது.

ஆகவே சிப்ரியையும் ஐ.நா. பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். ஐ.நா. பதிவேட்டில் விற்றவர் எழுதி, வாங்கியவர் எழுதாத வரி கிடைத்தால் அதை முதலில் தோண்டுங்கள். சிப்ரிக்கு ஐந்துக்கு நாலரை.