42 இன்ச் கம்பி நாய்க்கூண்டு: பதினான்கு மாதமும் ஒரு வெல்டிங்கும் கடந்தபின்

கூண்டுக் கதவை வெல்டிங் கடையிலிருந்து தூக்கி வந்த அன்றைக்குத்தான் எதிர் பிளாட்காரர் கேட்டார்: "ஆஃபர்ல விலை இறங்கியிருக்கு, எங்க லேப்ரடாருக்கும் ஒண்ணு வாங்கிரலாமா?" அவர்கள் வீட்டைப் பூட்டியதும் அந்த லேப்ரடார் போடும் ஊளை மூன்று மாடிக்குக் கேட்கும். கிரேட் டிரெயினிங், அதாவது கூண்டுக்குள் இருக்கப் பழக்கும் பயிற்சி, கொடுத்தால் அடங்கிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவருக்கான பதில்தான் இது.

மடக்கும் வகை, இரட்டைக் கதவு, அடியில் பிளாஸ்டிக் தட்டு, உள்ளே 30 கிலோ நாய். மற்ற அளவுகளெல்லாம் விற்கும் இடத்திலேயே போட்டிருக்கும். மூக்கிலிருந்து வால் முளைக்கும் இடம்வரை அளந்து நாலு இன்ச் கூட்டிக்கொண்டால் போதும்.

முதலில் அந்தத் தட்டு. அதைத் திட்டாமல் மேலே எழுத முடியாது. சட்டத்துக்கும் தட்டுக்கும் நடுவே சுற்றிலும் அரை இன்ச் இடைவெளி. நாய் திரும்பிப் படுத்தால் தட்டு நகர்ந்து கம்பியில் 'டக்' என்று இடிக்கும். டைல்ஸ் தரையில் அந்தச் சத்தம் இரண்டு மடங்கு. சாதாரண நாய் காதை அசைத்துவிட்டுத் தூங்கிவிடும். தனியாக விட்டாலே பதறுகிற நாய் அப்படியில்லை. சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழும், எழுந்த வேகத்தில் தட்டு மறுபடி இடிக்கும், அதற்கு இன்னும் பதறும். கேமராவில் பார்த்தால் முதல் ஊளைக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு 'டக்' இருக்கிறது. இவ்வளவு காசு வாங்குகிறவர்கள் நாலு ரப்பர் துண்டு சேர்த்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? தீர்வு ஒன்றும் பெரிதில்லை. பழைய சைக்கிள் டியூபை இரண்டு இன்ச் பட்டைகளாக வெட்டி, தட்டின் நாலு ஓரத்திலும் இடைவெளியில் இறுக்கிச் செருகவும். கூண்டுக்கு அடியில் முழு அளவுக்கு ஒரு ரப்பர் பாய். தட்டுக்கு மேலே வழுக்காத விரிப்பு, ஆனால் பஞ்சு மெத்தை வேண்டாம். பதற்றத்தில் கிழித்து விழுங்கிவிட்டால் ஆபரேஷன் வரை போகும்.

அடுத்தது கதவு. தாழ்ப்பாள் இரண்டு, இரண்டும் நடுப்பகுதியில். அதனால் கீழ் மூலை பிடிப்பில்லாமல் நிற்கிறது. நாய் அந்த மூலையைப் பல்லால் கவ்வி உள்பக்கமாக இழுக்கும். ஒரு கம்பி வளைந்ததும் பக்கத்துப் பற்றவைப்பு விட்டுவிடும். கம்பி மெல்லியது, கரண்டில் பற்றவைக்கும் ஆர்க் வெல்டிங் வைத்தால் உருகி அறுந்தே போகும். கறுப்புப் பூச்சைச் சுரண்டிவிட்டு, கேஸில் பித்தளை வைத்துப் பற்றுகிறவரிடம் கொடுங்கள். ஒட்டிய இடத்தை அரத்தால் ராவி, விரலை ஓட்டிப் பார்த்துத்தான் நாயை அருகே விட வேண்டும். சொரசொரப்பு மிஞ்சினால் ஈறு கிழியும்.

கீழ் மூலையில் ஒரு காரபினர் (ஸ்பிரிங் வாய் வைத்த கொக்கி) மாட்டினால் கதவு அசையாது. ஆனால் மாட்டுவதற்கு முன்னால் யோசியுங்கள். கம்பி வளையவில்லை என்றால் அடுத்து உடைவது பல். கூண்டைக் கடித்து இழுக்கிற நாய்களுக்குக் கோரைப்பல்லின் பின்பக்கம் தேய்ந்திருக்கும், வாயைத் திறந்து பார்த்ததுமே வெட்னரி டாக்டர் கண்டுபிடித்துவிடுவார். வளைந்த கம்பியைப் பார்த்துவிட்டு இன்னும் கனமான கூண்டு தேடுகிறவர்கள் நிறையப் பேர். கனமான கூண்டுக்குள்ளும் அதே நாய்தான் இருக்கும், அதே பயத்தோடு.

அதனால் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. பழைய போனை கேமராவாக வைத்து, நாயைக் கூண்டில்லாமல் ஹாலில் விட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் வாருங்கள். இன்னொரு நாள் சமையலறைக் குட்டிக்கதவுக்குப் பின்னால் விட்டு, நீங்கள் ஹாலிலேயே கண்ணில் படும்படி உட்காருங்கள். முதலாவதில் மட்டும் பதறினால், உங்களைப் பிரிந்திருப்பதுதான் பிரச்சினை. இரண்டாவதில் பதறினால் அடைபடுவதே பிரச்சினை, அதற்குக் கூண்டு விஷம். இரண்டும் கலந்த நாய்கள்தான் அதிகம். ஊளைக்காகக் காத்திருக்க வேண்டாம். வெயிலே இல்லாமல் மூச்சு வாங்குவது, எச்சில் ஒழுகுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, ஓயாமல் கொட்டாவி, வாசலுக்கும் சோபாவுக்கும் நடை, இவையெல்லாம் முன்னாலேயே வந்துவிடும். பிடித்த சாப்பாட்டைக்கூடத் தொடாமல் நின்றால் சந்தேகமே வேண்டாம்.

"மூணு நாள் கத்தட்டும், தானா பழகிரும்" என்ற அறிவுரை கடைக்காரரிடமும் கிடைக்கும், நாய் விற்கிறவரிடமும் கிடைக்கும். இது அடம் இல்லை, பீதி. நாலாம் நாள் சத்தம் நின்றால் பழகிவிட்டது என்று சொல்ல முடியாது, ஓய்ந்துபோய்க் கிடக்கலாம். தட்டில் எச்சில் குளமாகவோ மூத்திரமாகவோ இருந்தால் அதுதான் பதில்.

கூண்டு ஒத்துக்கொள்கிற நாய்க்குப் பழக்கும் விதம்: முதல் ஒரு வாரம் கதவு மூடவே கூடாது. திறந்தபடி சுவரோடு கட்டிவிடுங்கள், காற்றில் ஆடி இடித்தால் அதுவே புதுப் பயம். மூன்று வேளைச் சாப்பாடும் உள்ளே. கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட வேண்டும், கம்பியில் மாட்டினால் கழுத்து நெரியும். பிறகு கதவை ஒரு நொடி மூடித் திற. அப்புறம் மூன்று, ஐந்து. நீங்கள் பக்கத்திலேயே இருக்கும்போது பத்து நிமிடம் மூடிய கதவுக்குள் படுத்துத் தூங்கினால்தான் கண்ணிலிருந்து மறைவது.

இதற்கிணையாகக் கிளம்பும் அடையாளங்களை நீர்த்துப்போகச் செய்ய வேண்டும். சாவிக்கொத்து, ஹெல்மெட், செருப்பு, கிரில் கேட் பூட்டும் ஓசை. சாவியை எடுத்துக்கொண்டுபோய் டிவி பாருங்கள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காய்கறி நறுக்குங்கள், பார்க்கிறவர்கள் சிரிக்கட்டும். நாய் தலையைத் தூக்காமல் கிடக்கும்வரை. பிறகு வாசலைத் தாண்டும் நேரம்: 5 நொடி, 10, 3, 20, 8, 30. ஏறிக்கொண்டே போனால் அடுத்தது பெரிது என்று அதற்குத் தெரிந்துவிடும், அதனால் ஏற்றமும் இறக்கமும். பதறியதா, அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். முதல் அரை மணி நேரம்தான் மலை. அதைத் தாண்டினால் பிறகு கால் மணி கால் மணியாகக் கூட்டலாம். வளர்ந்த நாய்க்கும் ஒரே மூச்சில் நாலைந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது.

இதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவு, இந்தப் பழக்கம் முடியும்வரை நாயை நிஜமாகத் தனியாக விடக்கூடாது என்பதுதான். காலையில் 30 நொடி பழக்கிவிட்டு மதியம் மூன்று மணி நேரம் ஆபீஸ் போனால் காலை வேலை வீண். வாரக்கணக்கில், சில நாய்களுக்கு மாதக்கணக்கில், பாட்டியோ பக்கத்து வீடோ வேண்டும். முன்னேற்றமே இல்லையென்றால் மருந்துக்கு வெட்கப்பட வேண்டாம். ஃப்ளூஆக்ஸெடினை நாய்களின் இந்தப் பதற்றத்துக்கென்றே அமெரிக்காவில் 2007இல் அங்கீகரித்தார்கள், அதுவும் பழக்கத்தோடு சேர்த்துத்தான். பலன் தெரிய நாலைந்து வாரம் பிடிக்கும். அளவை டாக்டர் சொல்லட்டும், மனிதர் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள்.

கோடைக்கு ஒரு வார்த்தை. பதறும் நாய் மூச்சு வாங்கியே சூடேறும், சென்னை மே மாதத்தில் கரண்ட் போனால் பத்து நிமிடம்கூட அதிகம். மூட வேண்டுமென்றால் பழைய வேட்டி, மூன்று பக்கம் மட்டும், கம்பியிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஒட்டிப் போட்டால் உள்ளே இழுத்துவிடும். ரப்பர் பொம்மைக்குள் தயிர் சாதத்தை அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் இருபது நிமிடம் நக்கும்.

இத்தனை திட்டியபிறகும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கீல் வளையங்களைக் குறடால் விரித்து இரண்டு கதவையும் கழற்றிவிட்டால் இதைப்போல நாய்க்கு இடம் கிடையாது. தீபாவளி வெடிக்கு நேராக உள்ளே ஓடிப்போய்ச் சுருண்டுகொள்கிறது. மதியத் தூக்கம், எலும்புத் துண்டு ஒளித்துவைப்பது, எல்லாம் அங்கேதான். சட்டத்தில் துரு இல்லை, மடக்கினால் கட்டிலுக்கு அடியில் போகிறது. கூண்டுக்கு ஐந்துக்கு நாலு தாராளமாகத் தரலாம், தட்டுக்கு ஒன்று.

எதிர் பிளாட்காரருக்குப் பதில்: வாங்காதீர்கள். அந்தக் காசில் முதலில் டாக்டரைப் பாருங்கள். உங்களுடையதை விற்பீர்களா என்றும் கேட்டார். வெல்டிங் போட்ட கதவு வேண்டுமானால் சும்மாவே எடுத்துக்கொள்ளட்டும், பீரோவுக்குப் பின்னால் கிடக்கிறது.