கிரீஸ் கைக்கு எது நல்லது: மண்ணெண்ணெயா, பேஸ்டா, தேங்காய் எண்ணெயா?

திருகோணமலை கண்டி வீதிப் பக்கம் கராஜில் வேலை செய்கிறவர்களுக்குப் பின்னேரம் கை கழுவ மண்ணெண்ணெய்தான் முதலில் நினைவுக்கு வரும். கையை முக்கிச் சீலைத் துண்டால் துடைத்தால் ஒரு நிமிடத்தில் கிரீஸ் போய்விடும். வேகத்தில் அதை வெல்ல ஒன்றுமில்லை. ஆனால் கிரீஸைக் கரைக்கிற அதே குணம் தோலின் சொந்த எண்ணெயையும் உருவிக்கொண்டு போகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்தக் கைகளைப் பாருங்கள். விரல் மூட்டுகளில் கோடு கோடாக வெடிப்பு, வெடிப்புக்குள் கறுப்புக் கீற்று. அந்தக் கறுப்பை எடுக்க மறுபடியும் மண்ணெண்ணெய். வெடிப்பு இன்னும் ஆழமாகும். ஓடித் தீர்ந்த எஞ்சின் ஒயிலில் புற்றுநோயை உண்டாக்கும் சேர்மங்கள் இருக்கின்றன. வெடித்த தோல் அவற்றைத் தடுக்காது. பெட்ரோலில் கழுவுவது அதைவிட மோசம்: அதிலுள்ள பென்சீன் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும்.

சலவைத்தூளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது துணிக்காகச் செய்தது, காரம் கூடியது. நம் தோல் சற்றே அமிலத்தன்மை உள்ளது, பிஎச் (7க்குக் கீழே அமிலம், மேலே காரம் என்று காட்டும் அளவு) 5 அளவில் இருக்கும். சலவைத்தூள் கரைசல் 10ஐத் தொடும். கூடவே மணலும் போட்டுத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள்தான் மிச்சம்.

தோடம்பழ வாசனையோடு வரும் கை கழுவும் பேஸ்ட் இவற்றைவிட எவ்வளவோ மேல். தோடம்பழத் தோலிலிருந்து எடுக்கும் லிமோனீன் கிரீஸைக் கரைக்கிறது, எரிமலைக்கல் தூள் ரேகைகளுக்குள் இருப்பதைச் சுரண்டி எடுக்கிறது. காற்றுப்பட்டுப் பழசான லிமோனீன் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால் மூடியை இறுக்கி வையுங்கள். வெடிப்புள்ள கைக்கு இந்தச் சுரண்டலும் ஆகாது.

கராஜ் கைக்கு என் தெரிவு தேங்காய் எண்ணெயும் சீனியும்தான். கையை நனைக்காமலே ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, நகக்கண் வரை பிசைந்து தேயுங்கள். கிரீஸ் இளகிக் கறுப்புக் குழம்பாக வரும்போது ஒரு சிட்டிகை சீனி சேருங்கள். சீனி அழுக்கைச் சுரண்டிவிட்டுத் தண்ணீரில் கரைந்துவிடும். சீலையால் துடைத்த பிறகுதான் சவர்க்காரமும் தண்ணீரும். மண்ணெண்ணெயைவிட இரண்டு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும், காய்ந்த பெயின்டுக்கு உதவாது. ஆனால் கை எரியாது. ஒரு போத்தல் எண்ணெயை முதலாளி வாங்கி வைக்க வேண்டும். வேலையாட்களின் கையைக் காப்பதும் வேலைத்தலத்தின் செலவுதான்.

சீமெந்துக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. சீனன்குடாவில் ஆலையே இருக்கும் ஊர் இது. கட்டட வேலைக்கும் குறைவில்லை. ஈரச் சீமெந்தின் பிஎச் 12க்கும் மேல். பட்டவுடன் வலிக்காது, சில மணி நேரம் கழித்துத்தான் தோல் வெந்திருப்பது தெரியும். அதிலுள்ள ஆறிணைதிறக் குரோமியம் (குரோமியம் உலோகத்தின் ஒரு வடிவம்) ஒவ்வாமையையும் தரும். ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் நீடிக்கும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் சீமெந்தில் அதன் அளவை பத்து லட்சத்தில் 2 பங்குக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறது. எண்ணெய் பூசிக்கொண்டிருக்காமல் ஓடும் தண்ணீரில் உடனே, நன்றாகக் கழுவுங்கள்.

கையுறையிலும் வேலையைப் பார்த்துத்தான் தெரிவு. ஒயில் வேலைக்கு நைட்ரைல் என்ற செயற்கை இறப்பர். சாதாரண இறப்பர் ஒயிலில் ஊறிக் கெட்டுவிடும். மேசன் வேலைக்குத் தண்ணீர் புகாத, மணிக்கட்டைத் தாண்டி நீண்ட கையுறை வேண்டும். சீமெந்துத் தண்ணீரை உறிஞ்சிய பருத்திக் கையுறை வெறுங்கையைவிடக் கெடுதல். வேலைக்கு முன் பூசும் தடுப்புக் கிரீம் கழுவுவதைச் சுலபமாக்கும்; கையுறைக்குப் பதிலாக அதை நம்ப வேண்டாம்.

இரவில் கழுவிய கையின் ஈரம் முழுதும் காயுமுன் கொஞ்சம் வஸ்லின் தடவுங்கள். வெடிப்பும் அரிப்பும் ஆறாமல் நின்றால் டாக்டரிடம் காட்டுங்கள். என்ன வேலை செய்கிறீர்கள், எதைக்கொண்டு கை கழுவுகிறீர்கள் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.