பூச்சந்தை ஆய்வுக்குக் கேள்வித்தாளா, கிரவுண்டட் தியரியா?

கன்னியாகுமரி மாவட்டத் தோவாளை பூச்சந்தையின் சரக்கு ஓட்டத்தை முனைவர் பட்டத்துக்கு எடுத்தபோது மூன்று வழிகள் இருந்தன: கேள்வித்தாள் (பலரிடம் ஒரே கேள்விகளைக் கொடுத்துப் பதில் வாங்குவது), கேஸ் ஸ்டடி (சில இடங்களை மட்டும் ஆழமாகப் பார்ப்பது), கிரவுண்டட் தியரி (களத் தரவிலிருந்தே கோட்பாட்டைக் கட்டுவது). நான் எடுத்தது மூன்றாவது. ஆப்பரேஷன்ஸ் மேனேஜ்மென்ட்டில், அதாவது உற்பத்தி, சரக்கு ஓட்டம் போன்றவற்றை நடத்தும் துறையில், புதுக் கோட்பாடு கட்ட நினைப்பவர்களுக்கும் அதையே சொல்வேன்.

கேள்வித்தாளின் பலம் தெரிந்ததுதான். இருக்கும் கோட்பாட்டைச் சோதிக்க அதைவிட நல்லது இல்லை. கேஸ் ஸ்டடிக்கு மேலாண்மை ஆய்வாளர் கேத்லீன் ஐசன்ஹார்ட்டின் 1989 கட்டுரை வழிகாட்டி. நான்கிலிருந்து பத்து கேஸ் வரை நன்றாக வரும் என்பது அவர் கணக்கு. என்னிடம் இருந்ததோ ஒரே சந்தை.

கிரவுண்டட் தியரியை சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967-இல் முன்வைத்தார்கள். இதில் தரவு சேகரிப்பும் அலசலும் கூடவே நடக்கும். அடுத்து யாரைப் பார்ப்பது என்பதை அதுவரை கிடைத்த பேச்சே முடிவு செய்யும். பூ விலையை யார் வைக்கிறார்கள் என்று கேட்டுத்தான் ஆரம்பித்தேன். கமிஷன் கடைக்காரர்களின் பேச்சைக் கோடிங் செய்தால் (துண்டு துண்டாகப் பிரித்துப் பெயரிட்டு வகைப்படுத்தினால்), விற்காமல் நிற்கும் பூவைப் பற்றிய கவலையே மேலே வந்தது. அந்தப் பூ எங்கே போகிறது என்று தேடி, என் பட்டியலிலேயே இல்லாத மாலை கட்டும் அக்காமாரிடம் போனேன். அவர்கள் மத்தியானத்துக்கு மேல் எவ்வளவு எடுப்பார்கள் என்ற ஊகத்தில்தான் கடைக்காரர் காலையிலேயே விலையை இறக்கவோ பிடிக்கவோ செய்கிறார். கேள்வித்தாள் போட்டிருந்தால் இந்தக் கேள்வியே அதில் இருந்திருக்காது.

ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்: களத்துக்குத் திரும்பத் திரும்பப் போக முடியுமா? ஒவ்வொரு சுற்றுக் கோடிங்கும் புதுச் சந்தேகத்தைக் கொண்டுவரும். அதே ஆளிடம் மறுபடி போய் நிற்க வேண்டும். நாகர்கோவிலில் இருக்கிற எனக்குத் தோவாளை பஸ் ஏறினால் வந்துவிடும், ஓணச் சமயத்தில் கேரளத்துக்குப் போகும் லோடு ஏறுவதையும் போய்ப் பார்க்கலாம். இதே மாவட்டத்து மீனவ ஊரான தூத்தூரின் ஆழ்கடல் விசைப்படகுகளை ஆய்வுக்கு எடுப்பவருக்கு அப்படி அமையாது. கடலுக்குப் போன ஓட்டுநர் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும், அதுவரை அலசல் அந்தரத்தில் நிற்கும். அவருக்கு கேஸ் ஸ்டடிதான் தோது.

எத்தனை பேரைப் பேட்டி எடுப்பீர்கள் என்று முனைவர் பட்டக் குழு கண்டிப்பாகக் கேட்கும். புதுப் பேட்டிகள் புதிதாக எதையும் சேர்க்காத இடம்தான் நிறுத்தும் இடம். அதை ஆய்வு முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள். ஸ்ட்ராஸும் கார்பினும் 1990-இல் வகுத்த கோடிங் படிகளை கிளேசர் ஏற்கவில்லை. ஆகவே யார் வழி என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். நான் கார்பின் பக்கம். படிகள் தெளிவாக இருப்பதால் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியரிடம் விளக்குவது சுலபம்.

என் அனுபவம் மனிதர்கள் பேசித் தீர்மானிக்கும் சந்தையோடு சரி. எந்திரமே வேகத்தை நிர்ணயிக்கும் ஆலைக்கு இதே அழுத்தத்தோடு பரிந்துரைக்க மாட்டேன்.